குறுந்தகட்டிலிருந்து கைக்கருவிக்கு: எந்த வடிவத்தில் நகலெடுப்பது?



மத்திய அரசுப் பணியின் நிமித்தம் தில்லிக்கு வந்து, லக்ஷ்மிபாய் நகர் போன்ற அரசுக் குடியிருப்புகளில் பிள்ளைகளை வளர்த்து, அங்குள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் அவர்களைப் படிக்க வைத்து, இப்போது ஓய்வு பெற்று ஊர் திரும்ப ஆயத்தமாகிற குடும்பங்கள் நம் சபைகளில் அநேகம் உண்டு. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கும்போது, ஸ்டீல் பீரோவின் மேலிருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்கும். அதற்குள் குறுந்தகடுகள் இருக்கும். கன்வென்ஷன் கூட்டங்களில் வாங்கிய பாடல் சிடிகள், சபையில் பதிவு செய்து கொடுத்த தேவ செய்திகள், பிள்ளையின் திருமண ஆராதனை ஆகியவற்றோடு, மார்க்கர் பேனாவினால் "அம்மா ஜெபம், 2004" என்று எழுதப்பட்ட ஒரு சிடியும் அதில் கிடக்கலாம். அந்தத் தாயார் இன்று நம்மோடு இல்லாதிருக்கலாம்.

இவற்றை இனி எதில் போட்டுக் கேட்பது? புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சிடி போடும் இடமே இல்லை. புதிய கார்களிலும் இல்லை. ஆகவே வீட்டிலுள்ள வாலிபர் ஒருவர், "எல்லாவற்றையும் பிளேயரில் ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லி ஒரே மாலையில் வேலையை முடித்துவிடுகிறார். பெட்டி கபாடிக்காரரிடம் எடைக்குப் போய்விடுகிறது. ஊரில் போய்ப் பிளேயரைத் திறந்தால், பாதி கோப்புகள் பாடுவதில்லை. இந்த நஷ்டம் நேராமல் தடுக்கும் வழி எளிதானது. ஆனால் அது நகலெடுப்பதற்கு முன்பே அறிய வேண்டிய வழி.

முதலாவது, உங்கள் கையிலுள்ள சிடி எந்த வகை என்று பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று ஆடியோ சிடி. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அதே முறைமை இன்றும் மாறவில்லை. 74 நிமிடம் அல்லது 80 நிமிடம் ஒலி அதில் அடங்கும். மற்றொன்று எம்பி3 சிடி. ஒரே தகட்டில் நூறு, நூற்றைம்பது பாடல்கள் என்று கடைகளில் விற்கப்பட்டவை இவை. எம்பி3 சிடியில் இருப்பவை சாதாரணக் கணினிக் கோப்புகள். அவற்றை அப்படியே பிரதியெடுத்துப் பிளேயரில் ஒட்டினால் போதும், வேறு எந்த வேலையும் வேண்டாம்.

ஆடியோ சிடி அப்படியல்ல. அதை விண்டோஸ் கணினியில் போட்டுத் திறந்தால், "டிராக்01.சிடிஏ" என்பது போன்ற பெயருள்ள கோப்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் அளவும் ஒரு கிலோபைட் என்று காட்டும். அநேகர் இவற்றைப் பாடல்கள் என்று எண்ணி, பென் டிரைவிலோ பிளேயரிலோ ஒட்டிவிடுகிறார்கள். சிடி கணினிக்குள் இருக்கும்வரை அவற்றைச் சொடுக்கினால் பாட்டும் கேட்கும். ஆகையால் சந்தேகமே எழுவதில்லை. உண்மையில் அந்தக் கோப்பில் ஒலி ஒரு துளியும் இல்லை. அதன் நிஜ அளவு வெறும் 44 பைட். தகட்டின் எந்த இடத்தில் அந்தப் பாடல் தொடங்குகிறது என்று காட்டுகிற விலாசச் சீட்டுதான் அது. வீட்டு விலாசம் எழுதிய சீட்டை மூட்டையில் வைத்துக்கொண்டு, வீட்டையே கொண்டுவந்துவிட்டதாக எண்ணுவது எப்படியோ, அப்படியே இதுவும். நான் கண்டவரையில் "ஒன்றுமே பாடவில்லை" என்கிற முறைப்பாடுகளுக்கு முதற்காரணம் இதுதான். ஆகவே ஆடியோ சிடியை ஒட்டக்கூடாது. "ரிப்" என்று சொல்லப்படுகிற முறையினால், அதற்கான மென்பொருளைக் கொண்டு ஒலியை வாசித்தெடுத்துக் கோப்பாக எழுத வேண்டும்.

மடிக்கணினியில் சிடி இயக்கி இல்லையே என்பவர்கள், யுஎஸ்பி கம்பியால் இணைக்கிற வெளிப்புற டிவிடி இயக்கி ஒன்றை நேரு பிளேஸில் வாங்கிக்கொள்ளலாம். சபையில் ஒருவர் வாங்கினால் பத்து வீடுகளுக்கு உதவும். மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே இந்த வசதி உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற இலவச மென்பொருள்கள், கீறல் விழுந்த தகடுகளை மறுபடியும் மறுபடியும் வாசித்துச் சரிபார்த்து எழுதும்.

இப்போது வடிவத்துக்கு வருவோம். ஆடியோ சிடியில் ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட் எண்ணாக, இடம் வலம் என்று இரண்டு தடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். இதை ஒன்றும் குறைக்காமல் அப்படியே வைப்பது வேவ் என்னும் வடிவம். 4 ஜிபி அட்டையில் வேவ் கோப்புகளாக வைத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மாத்திரமே கொள்ளும். புது தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்கிறவருக்கு ஆக்ரா, குவாலியர் தாண்டினவுடன் பாட்டு தீர்ந்துபோகும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே எம்பி3 வந்தது. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உழைத்து உருவாக்கிய முறை இது. 1995-ல் இந்தப் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பலத்த ஓசையின் அருகே ஒலிக்கிற மெல்லிய ஓசையை மனிதச் செவி கவனிப்பதில்லை. அப்படிச் செவிக்கு எட்டாததைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மாத்திரம் அது எழுதுகிறது. விநாடிக்கு 128 கிலோபிட் என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. அதே 4 ஜிபி அட்டையில் ஏறக்குறைய 69 மணி நேரம் கொள்ளும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும்.

இதே வேலையைச் செய்கிற வேறு வடிவங்களும் உண்டு. மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ, ஆப்பிள் கருவிகளில் வழங்கிய ஏஏசி, யாவருக்கும் இலவசமாகத் தரப்பட்ட ஆக் வோர்பிஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஒலியின் தரத்தைப் பார்த்தால் இவற்றில் சில எம்பி3-ஐ விடச் சிறந்தவை என்பது மெய்யே. ஆனாலும் நம் வாசகர்களுக்கு நான் எம்பி3-ஐயே சொல்லுவேன். ஏன்?

உங்கள் கணினி எதை விரும்புகிறது என்பது இங்கே முக்கியமல்ல. அதைக் கேட்கப்போகிற கருவி எதைப் பாடும் என்பதே முக்கியம். அந்தக் கருவி பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ மாமியார் தலைமாட்டில் வைத்திருக்கிற சின்ன யுஎஸ்பி ஸ்பீக்கர், மருமகனின் காரிலுள்ள ஸ்டீரியோ, ஐந்நூறு ரூபாய்ப் பிளேயர் இவைகளே. இவை எல்லாவற்றுக்கும் தெரிந்த ஒரே பொதுமொழி எம்பி3. ஆப்பிளின் ஐபாட் டபிள்யூஎம்ஏ கோப்பைப் பாடியதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவும் தனிச் செயலி இல்லாமல் அதைத் திறவா. ஏஏசி கைபேசிகளில் பாடும், மலிவான ஸ்பீக்கர்கள் பலவற்றில் பாடாது. எம்பி3-க்கான காப்புரிமை உரிமக் கட்டணமும் 2017 ஏப்ரலோடு முடிந்துபோயிற்று. ஆகவே எவ்வளவு மலிவான கருவியானாலும் அதைச் சேர்ப்பதற்குத் தயாரிப்பாளருக்குத் தடையில்லை.

இங்கே ஒரு பழைய கண்ணியைக் குறித்தும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் அகப்பட்ட கோப்புகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கக்கூடும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்த மீடியா பிளேயர், சிடியை ரிப் செய்தால் டபிள்யூஎம்ஏ வடிவிலேயே எழுதிற்று. எம்பி3 ஆக எழுதும் வசதி 2004-ல் பத்தாம் பதிப்பில்தான் உள்ளமைந்து வந்தது. அந்தப் பழைய பதிப்புகளில் "நகல் பாதுகாப்பு" என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் குறி இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து நீங்களே எடுத்த பாட்டுக்கும் ஒரு பூட்டு விழும். சாவியாகிய உரிமம் அந்தக் கணினிக்குள் இருக்கும். கணினி பழுதாகி விண்டோஸை மறுபடி போட்டால், சாவி போயிற்று, பாட்டும் போயிற்று.

கடையில் வாங்கிய பாட்டுகளின் காரியம் இதைவிடப் பரிதாபம். மைக்ரோசாஃப்ட் நடத்திய எம்எஸ்என் மியூசிக் கடையில் ஜனங்கள் பூட்டிய பாட்டுகளை வாங்கினார்கள். புதிய கணினிகளுக்கு இனிச் சாவி கொடுப்பதில்லை என்று 2008-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பு பலமாக எழும்பினபடியால் 2011 முடியும்வரை தவணை நீட்டப்பட்டது. காசு கொடுத்தவர் கையில் கோப்பு இருந்தும், அதைத் திறக்கும் அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தது. ஆப்பிளும் 2003-ல் தொடங்கிய தன் கடையில் பூட்டிய பாட்டுகளையே விற்று, 2009-ல் பூட்டை நீக்கிற்று. உங்கள் பழைய வன்தட்டில் டபிள்யூஎம்ஏ கோப்புகள் இருந்தால், இன்றே வேறொரு கணினியில் அவற்றைத் திறந்து பாருங்கள். திறவாவிட்டால் மூல சிடியைத் தேடி எடுத்து மறுபடி ரிப் செய்வதே நலம். பெட்டியைக் கபாடிக்காரரிடம் கொடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எம்பி3 என்று தீர்மானித்த பின்னும் சில தெரிவுகள் உண்டு. பாடல்களுக்கு 192 கிலோபிட் வைத்தால் ஆர்மோனியமும் கைத்தாளமும் தெளிவாயிருக்கும். 128-ல் கைத்தாளத்தின் ஓசை சற்றே சலசலக்கும். 320 வைப்பதால் மலிவான ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது, இடம்தான் போகும். தேவ செய்திகளுக்கும் வேத வாசிப்புக்கும் ஒற்றைத் தடமாக, அதாவது மோனோவாக, 64 கிலோபிட் போதுமானது. ஒரு மணி நேரச் செய்தி 29 மெகாபைட்டில் அடங்கிவிடும். பேச்சில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் இடத்தை மேலும் மிச்சப்படுத்த எண்ணி 44,100 என்ற அளவீட்டு எண்ணை 22,050 ஆகவும் அதற்குக் கீழாகவும் குறைத்துவிடாதிருங்கள். சில பழைய கருவிகள் அதைப் பாடுவதில்லை. இப்படியே, "மாறும் வேகம்" என்கிற விபிஆர் தெரிவையும் விட்டுவிட்டு, "நிலையான வேகம்" என்கிற சிபிஆர் தெரிவைக் கொள்ளுங்கள். விபிஆர் கோப்புகளில் பழைய பிளேயர்கள் நிமிடக் கணக்கைத் தவறாகக் காட்டும். பாதியில் நிறுத்திய செய்தியை விட்ட இடத்திலிருந்து தொடர முயன்றால் வேறெங்கோ போய் நிற்கும்.

செய்தி சிடிகளில் வேறொரு தொல்லையும் உண்டு. சபைகளில் பதிவு செய்தவர்கள், தேடுவதற்கு வசதியாக ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக ஒரே செய்தியைப் பிரித்திருப்பார்கள். சிடியில் அது இடைவெளி இல்லாமல் ஓடும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஒரு சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. பிரசங்கி ஒரு சொல்லின் நடுவில் மூச்சடைத்தவர்போல நின்று, பின்பு தொடருவார். ஆராதனைப் பாடல்களில் தாளம் தட்டும். ஆகவே அப்படிப்பட்ட தகடுகளை முழுவதும் ஒரே கோப்பாக ரிப் செய்யும் தெரிவைத் தேடிக் கொள்ளுங்கள்.

பெயர்களைக் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். ரிப் செய்யும் மென்பொருள், பாடல்களின் நீளத்தைக் கணக்கிட்டு, இணையத்திலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுத் தானே பெயர் எழுதும். கடையில் வாங்கிய சிடிக்கு இது சரியாய் வரலாம். வீட்டில் எரித்த தகட்டுக்கோ, நீளம் தற்செயலாய் ஒத்துப்போனால், அம்மாவின் ஜெபத்தின்மேல் ஏதோ ஒரு மேல்நாட்டு ராக் குழுவின் பெயர் ஒட்டிக்கொள்ளும். சிரிப்பதற்குரிய காரியந்தான், பத்து வருஷம் கழித்துத் தேடுகிறவருக்குச் சிரிப்பு வராது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். கைபேசிக்கும் கணினிக்கும் தாராளமாக வைக்கலாம், யூனிகோடு எழுத்தில். பழைய எழுத்துருக்களில் எழுதியிருந்தவை இப்போது புரியாத குறிகளாகவே தெரியும். ஆனால் சிறு திரையுள்ள மலிவான பிளேயர்களில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களோ கேள்விக்குறிகளோ வரும். அவற்றுக்கு ஆங்கில எழுத்தில் சுருக்கமான பெயரும், அதற்கு முன் எண்ணும் போதும்.

அந்த எண் மிகவும் அவசியம். சங்கீதங்கள் 150. அவற்றை 1, 2, 3 என்று எண்ணினால், பல கருவிகள் 1-க்குப் பின் 10, 100, 101 என்று தாவி ஓடும். 001, 002 என்று மூன்று இலக்கமாக எழுதுங்கள். வேறு சில கருவிகளோ பெயரைப் பார்ப்பதே இல்லை. எந்தக் கோப்பு முதலில் அட்டையில் ஏறிற்றோ அதையே முதலில் பாடும். அதற்கு வழி, காலியான அட்டையில் கோப்புகளை வரிசைப்படி ஏற்றுவதே. பின்னால் ஞாபகம் வந்து ஒரு அதிகாரத்தைச் சேர்த்தால், அது கடைசியில்தான் வரும். முழுவதையும் அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதாகும். வேதாகம முழுமைக்கும் 1,189 அதிகாரங்கள் என்பதை நினைவில் வைத்து, புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று 66 ஆகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டால் சில பிளேயர்கள் ஓர் எண்ணிக்கைக்கு மேல் காட்டுவதில்லை.

அட்டையை வாங்கும்போதும் பெரியதே சிறந்தது என்று எண்ணாதிருங்கள். 32 ஜிபி வரையுள்ள அட்டைகள் ஃபேட்32 என்னும் அமைப்பில் வருகின்றன. ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அதை வாசிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை எக்ஸ்ஃபேட் என்னும் அமைப்பில் வரும். பழைய கார் ஸ்டீரியோ அதைக் கண்டால் "அட்டை இல்லை" என்றே சொல்லும். கோப்பு வடிவம் சரியாயிருந்தும் பாடாததற்கு இது ஒரு காரணம்.

இதுவரை சொன்னது கேட்பதற்கான நகல். பாதுகாப்பதற்கான நகல் வேறு. எம்பி3 தள்ளிவிட்டதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எம்பி3-ஐ நாளைக்கு வேறொரு வடிவத்துக்கு மாற்றினால், தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து மறுபடி ஒலிநாடா எடுத்தாற்போல் மேலும் தேயும். ஆகவே, திரும்பக் கிடைக்காத தகடுகளை மாத்திரமாவது ஃபிளாக் என்னும் வடிவில் ஒருமுறை ரிப் செய்து வையுங்கள். அது ஒன்றையும் தள்ளாமல் அளவைப் பாதியளவுக்கு மடித்து வைக்கும் வடிவம், 2001-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது, யாருக்கும் உரிமக் கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு மணி நேரத் தகடு 350 மெகாபைட் அளவில் அடங்கும். நூறு தகடுகளானாலும் 35 ஜிபி தான். அதிலிருந்து எம்பி3 எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாய் எடுத்துக்கொள்ளலாம், தகட்டை மறுபடி தொட வேண்டியதில்லை. ஒரு வன்தட்டிலும், ஊரிலுள்ள பிள்ளையின் கணினியிலுமாக இரண்டு இடத்தில் வையுங்கள்.

இதைத் தாமதிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய சிடி அச்சில் வார்க்கப்பட்டது. நாம் வீட்டிலும் சபையிலும் எரித்த சிடியில் ஒலி ஒரு சாயப் பூச்சின்மேல் பதிந்திருக்கிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் மங்கும். தில்லியின் மே, ஜூன் மாதங்களைப் பால்கனி அலமாரியில் இருபது முறை கடந்த தகட்டின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பலர் பளபளக்கும் அடிப்பக்கத்தையே காக்கிறார்கள். உண்மையில் பெயர் எழுதும் மேற்பக்கமே பலவீனமானது, பதிவு அதன் அடியில்தான் இருக்கிறது. அதில் ஒட்டிய காகித லேபிளை உரிக்க முயன்றால் பதிவும் கூடவே உரிந்து வரும். தூசியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வாசிக்கத் திணறுகிற தகட்டை, மென்பொருளில் வேகத்தை 4 மடங்காகக் குறைத்து, வேறொரு இயக்கியிலும் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்டதை மற்றொன்று வாசிப்பதுண்டு.

சபையார் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: இப்படி நகலெடுப்பது நியாயந்தானா? நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியை உங்கள் சொந்த உபயோகத்துக்காகக் கருவியில் ஏற்றுவது வேறு. அதையே ஐம்பது பென் டிரைவுகளில் போட்டுச் சபை முழுவதற்கும் விநியோகிப்பது வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை விரிவாக்கிற்று. ஆராதனையில் பாடுவதற்கும் ஒலிக்கச் செய்வதற்கும் அதே பிரிவில் இடம் உண்டு. ஆனால் நகல்களைப் பங்கிடுவதற்கு இல்லை. ஊழியத்துக்காகத்தானே என்று சொல்லுகிறவர்கள், அந்தப் பாடலைப் பதிவு செய்ய ஸ்டூடியோ வாடகை கொடுத்துக் கடன்பட்ட சகோதரரையும் நினைக்கட்டும். சபையின் செய்திகளை, பிரசங்கித்தவரின் சம்மதத்தோடு, எவ்வளவு வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். அட்டையை ஊருக்கு அனுப்பும் முன், உங்கள் கணினியில் பாடுகிறதா என்று பார்ப்பது போதாது. அதே போன்ற ஒரு கருவியில் போட்டு, முதல் கோப்பு, நடுவிலொன்று, கடைசிக் கோப்பு ஆகிய மூன்றையும் கேட்டுப் பாருங்கள். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி, கருவியோடு கூடவே வையுங்கள். கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாயிருக்கட்டும்.